அரைப்பேர்

விழா மலருக்கு நூறு சொல்லில்
வாழ்க்கைக் குறிப்பு கேட்டார்கள்.
'பதினாறு வருசமா கூடவே பேஸ் வாசிக்கிறீங்க,
நீங்களே எழுதுங்க.'
பிறப்பு மஸ்கெலியா, பெயர் ஜெயலோஜினி
என்பது வரை எழுதினேன்.
பிறகு வேன் டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டேன்.

போஸ்டரில் எப்போதும் லோஜிதான்.
முதல் போஸ்டர் அடித்த ஹட்டன் அச்சகத்தில்
முழுப்பேருக்கு இடம் போதவில்லை;
திருவிழாத் தலைவரின் படம் பெரிது.
சிரித்தாள்.
'எங்கம்மாவுக்கும் மாசத்துல பாதி நாள்
அரைப்பேர்தானே.'

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும்:
கொழுந்து பதினெட்டுக் கிலோ தொடாவிட்டால்
செக்ரோலில் அரைநாள்.
மலையில் அதற்குத்தான் அரைப்பேர் என்று பேர்.

பண்டாரவளை ஹோட்டலில் மூன்று சீசன்
பிறர் கல்யாணங்களுக்குப் பைலா பாடி வாங்கிய கிட்டார்.
உர பேக்கில் சுற்றி
பஸ்ஸில் பிள்ளை மாதிரி மடியில் வைத்து வருவாள்.
பனிமூட்டத்தில் அதன் கழுத்து வளைந்துபோனது.
அன்றிலிருந்து எல்லாப் பாட்டும்
அரைச் சுரம் கீழே.
அது அவருடைய தனி பாணி என்று
கொழும்புப் பத்திரிகையில் ஒருவர் எழுதினார்.
பாணி இல்லை ஐயா,
ஈரம்.

'ஈரத்துக்கு ரெண்டு' பதிவானது
ஒரு பார்மசியின் மேல்மாடியில்,
சுவரெல்லாம் மெத்தை கட்டி.
இரண்டாம் சரணத்தில் பதுளை ரயில் கூவிவிட்டது.
இன்னொரு தடவை பாட வாடகை இல்லை.
இன்றைக்கும் கேட்கிறார்கள்
அந்த இடத்தில் என்ன வாத்தியம் என்று.

அப்புறம் தேயிலைக் கம்பெனி வந்தது.
மெட்டு மட்டும் போதும் என்றது.
சொல்லையெல்லாம் கழற்றிவிட்டு
வெள்ளைக் கோப்பையில் ஆவி பறக்க
செய்திகளுக்கு முன்னால் தினமும் ஓடியது.
கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.
அந்தக் காசில் அம்மாவுக்குக் கண் ஆபரேசன்,
வேன் கடனில் பாதி,
எனக்கொரு ஆம்ப்.
இரண்டு மாதம் நான் அவளோடு பேசவில்லை.
ஆம்பைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

தலவாக்கலைச் சந்தியில்
ஒருநாள் வேன் நின்றது. சம்பளப் போராட்டம்.
பிளாஸ்டிக் படங்குகளைப் போர்த்திக்கொண்டு
ரோட்டை மறித்து உட்கார்ந்திருந்த பெண்கள்
விளம்பர மெட்டில் பாடிக்கொண்டிருந்தார்கள்.
சொல் அவளுடையது இல்லை.

மழைக்கு ரெண்டு கழிச்சீங்க
சாக்குக்கு ஒண்ணு கழிச்சீங்க
விக்கையில மட்டும் சாமி
ஆவியக் கழிக்க மறந்தீங்க

கண்ணாடியை இறக்கி
யார் கட்டியது என்று கேட்டாள்.
'தெரியாது தங்கச்சி, மேல் டிவிசன்ல இருந்து வந்துச்சு.
நீ யாரு?'
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
சொல்லவில்லை.
'சும்மா, இந்தப் பக்கமா போறோம்'
என்று கண்ணாடியை ஏற்றினாள்.
கொட்டகலை வரும்வரை
வைப்பரின் தாளத்தில்
அந்த நாலு வரியை முணுமுணுத்தாள்.

அன்றிரவு பொகவந்தலாவ மேடையில்
அதைப் பாட எடுத்து
மூன்றாம் வரியில் மறந்துபோனாள்.
பின்வரிசையில் இருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

அடுத்த சீடியின் உறையில் எழுதச் சொன்னாள்:
பாடல், லோஜி, அரைப்பேர்.
அச்சகம் அதைப் பிழை என்று நினைத்து
அன்போடு திருத்திவிட்டது.
முந்நூறு உறையிலும்
கறுப்புப் பேனாவால் நாங்களே எழுதினோம்.
என் கையெழுத்து மோசம்.
சிலதில் அது
ஆறுபேர் என்று விழுந்திருக்கிறது.
இருக்கட்டும் என்றாள்.
அதுவும் குறைச்சல்தான் என்றாள்.

இதை அப்படியே அனுப்பினேன்.
ராத்திரி விழாக்காரர் போன்:
'நல்லாத்தான் இருக்கு அண்ணே,
நூறுக்கு மேல ரொம்பப் போகுதே.'

ஈரத்துக்குக் கழிச்சுக்கங்க
என்றேன்.